வைகறை வேறு, விடியல் வேறு: உதயசூரியனை எப்படி வாசிப்பது?

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அரைவட்டச் சூரியன் கண்ணில் படாமல் ஒரு நாளைக் கழிப்பது கடினம். பாலர் பாடசாலை மதில், சங்கப் பெயர்ப்பலகை, தேர்தல் சுவரொட்டி, நினைவு மலரின் அட்டை என்று எங்கு பார்த்தாலும் அடிவானக் கோடு ஒன்று, அதன்மேல் பாதிச் சூரியன், விசிறி போல விரிந்த கதிர்கள். 1977 பொதுத்தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி உதயசூரியன் சின்னத்தில் வாக்குக் கேட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2007இல் கிழக்கு முழுவதும் அரச படைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபின், அரசாங்கம் தன் அபிவிருத்தித் திட்டத்துக்கு வைத்த பெயர் 'கிழக்கின் உதயம்'. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் படங்களை ஏந்தி அமர்ந்தபோது அவர்கள் வாயிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் திரும்பத் திரும்ப வந்த சொல் 'விடிவு'.

கட்சி, அரசு, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் என்று ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று தரப்பும் ஒரே படத்தை எடுத்துக்கொள்ள முடிகிறதென்றால், அந்தப் படம் எதைத்தான் சொல்கிறது? நம்பிக்கையையா, நிச்சயமின்மையையா? இதற்கு விடை தேட வேண்டுமானால் முதலில் சொல்லைப் பார்க்க வேண்டும், பிறகு வானத்தை, அதன் பிறகே ஓவியத்தை.

1. இரண்டு சொற்கள், இரண்டு நேரங்கள்

அதிகாலைக்குத் தமிழில் பெயர்கள் பல: வைகறை, விடியல், புலரி, உதயம். இன்று இவற்றை மாற்றி மாற்றி எழுதுகிறோம். பழைய பொழுதுக் கணக்கு அப்படி விட்டுவிடவில்லை. ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம் கொடுத்தது. அதன்படி வைகறை பின்னிரவு 2 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடிகிறது. அதில் பாதிக்கும் மேல் கும்மிருட்டு. வைகுதல் என்றால் தங்குதல். தங்கியிருந்த இரவு அறுபடத் தொடங்கும் வேளை என்று வைகறைக்குப் பொருள் சொல்வார்கள். வெளிச்சம் வந்துவிட்டது என்று அச்சொல் எங்கும் உறுதி தரவில்லை. வந்துவிட்ட வெளிச்சத்துக்குப் பெயர் விடியல்.

தொல்காப்பியம் இந்த இரண்டையும் மருத நிலத்துக்கு உரிய பொழுதாக்குகிறது. மருதத்தின் உரிப்பொருளோ, அதாவது அந்நிலத்துக்குரிய காதல் உணர்வோ, ஊடல். பரத்தையிடம் போன தலைவன் இருள் பிரியும் வேளையில் வீட்டு வாசலுக்கு வருகிறான். இரவெல்லாம் விழித்திருந்தவள் கதவைத் திறப்பாளா? பாணன் தூது பேசுகிறான், தோழி 'வாயில் மறுக்கிறாள்', அதாவது அவனை உள்ளே விட மறுக்கிறாள். அகப்பாடல்களின் வைகறை கணக்குக் கேட்கும் நேரம். வந்தவனை ஏற்பதா, வேண்டாமா என்று முடிவாகாத நேரம்.

பக்தி மரபுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. திருமுருகாற்றுப்படை கடல்மேல் எழும் ஞாயிற்றை முருகனுக்கு உவமையாக்கித் தொடங்குகிறது; கிழக்குக் கரையில் பிறந்த எவரும் அந்த உவமையை விளக்கவுரை இல்லாமலே புரிந்துகொள்வார். மார்கழியில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க ஊரைச் சுற்றிவரும் திருவெம்பாவையிலும் ஒரு கதவு உண்டு: வெளியே நிற்கும் பெண்கள் உள்ளே உறங்கும் தோழியை எழுப்புகிறார்கள். மருதத்தில் திறக்குமா என்று தெரியாத கதவு இங்கே திறக்கும் கதவாகிவிடுகிறது. நம்பிக்கை உள்ளே வருவது இந்த இடத்தில்தான். ஆனாலும் கதவைத் தட்டுவது இருட்டில்.

2. வானம் என்ன செய்கிறது?

வானியலும் இந்த நேரத்தைப் பிரித்துத்தான் பார்க்கிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும்போது வானில் முதல் வெளுப்புத் தொடங்குகிறது. 12 பாகைக்கு வரும்போது கடலும் வானமும் பிரியும் கோடு மங்கலாகத் தெரியும். 6 பாகைக்கு வந்துவிட்டால் விளக்கில்லாமல் முற்றத்தில் வேலை செய்யலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ 7.7 பாகை வடக்கே இருக்கும் மட்டக்களப்பில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால், முதல் வெளுப்பிலிருந்து சூரியன் தெரியும்வரை ஒன்றேகால் மணி நேரம்தான். லண்டனில் ஜூன் மாதத்தில் முழு இருளே வருவதில்லை. அங்கே அந்தியும் வைகறையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நீண்டு தயங்கும் வடநாட்டு விடியலைப் பார்த்து வரைந்த ஓவியத்தை நம் ஊர் வானத்துக்கு அப்படியே பொருத்தினால் பொருந்தாது. இங்கே விடிவது சட்டென்று விடியும்.

அந்தக் குறுகிய நேரத்துக்குள் கண் இரண்டு முறை ஏமாறுகிறது. முதலாவது நிறத்தில். மங்கிய ஒளியில் விழித்திரையின் வேறொரு வகை உயிரணுக்கள் வேலை செய்கின்றன. அவை நீலப்பச்சையை நன்றாகவும் சிவப்பை மிக மோசமாகவும் உணர்பவை. செவ்வரத்தை மரத்தடியில் வைகறையில் நின்று பார்த்தால் பூ கரிய கட்டியாகவும் இலை அதைவிட வெளிறியும் தெரியும். வெளிச்சம் ஏற ஏறப் பூ சிவந்து முன்னால் வரும், இலை பின்வாங்கும். செக் நாட்டு உடலியலாளர் யான் பூர்கினே 1819இல் கவனித்துச் சொன்னது இது. வைகறையில் பார்த்ததை விடிந்தபின் பார்த்தால் நிறங்களின் முறையே தலைகீழாகியிருக்கும்.

இரண்டாவது ஏமாற்றம் சூரியனின் இடத்தில். வளிமண்டலம் ஒளியை வளைப்பதால், சூரியனின் அடிவிளிம்பு கடலைத் தொட்டு நிற்பதாக நாம் காணும் கணத்தில் உண்மையான சூரியன் முழுவதும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. கல்லடிக் கடற்கரையில் கும்பிடுபவர்கள் முதலில் காண்பது சூரியனின் பிம்பத்தை. சூரியன் பின்னால் வருகிறது.

இதை இன்னும் கூர்மையாகச் சொன்னது இஸ்லாமிய மரபு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சாய்ந்தமருதிலும் சுபஹ் தொழுகைக்கான பாங்கு எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய இரண்டு வைகறைகளைப் பிரித்தறிய வேண்டும். முதலில் கிழக்கே ஓநாயின் வால்போல நெட்டுக்குத்தாக ஓர் ஒளி எழும். அது பொய்யான வைகறை. பின்னர் அடிவானம் நெடுகக் கிடையாகப் பரவும் ஒளியே மெய்யானது. நெட்டுக்குத்தான அந்த ஒளி, கோள்களுக்கிடையே மிதக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவது என்கிறது அறிவியல். பொய் விடியல் என்பது கவிஞரின் கசப்பான கற்பனை என்று நினைத்திருந்தால், அது வானத்தில் உண்மையாகவே நிகழ்வது. வழிபாட்டு நேரத்தைக் கணிக்கக் கற்க வேண்டியிருந்த பாடம்.

3. மொனேயின் செஞ்சூரியன்

விடியலை வரைந்த ஓவியங்களில் உலகம் அதிகம் பேசிய ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே லு ஹாவ்ர் துறைமுகத்தை வரைந்து 'மனப்பதிவு, சூரியோதயம்' என்று தலைப்பிட்டார். படத்தில் 1872 என்று இட்டிருக்கிறார். 1874இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். அந்தத் தலைப்பைக் கேலி செய்த விமர்சகரின் சொல்லே ஒரு பெரிய ஓவிய இயக்கத்துக்குப் பெயரானது. ஜெர்மானியரிடம் தோற்று, உள்நாட்டிலும் இரத்தம் சிந்தி, பிரான்ஸ் எழுந்து நிற்க முயன்ற ஆண்டுகள் அவை. மூடுபனிக்குள் புகைபோக்கிகளும் பாரந்தூக்கிகளும். முன்னால் ஒரு சிறு படகில் இரண்டு கரிய உருவங்கள். மேலே சின்னஞ்சிறு செம்மஞ்சள் வட்டம்.

அந்த வட்டம் துடிப்பது போலத் தோன்றும். காரணத்தை ஹார்வர்ட் நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்கினார். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சூரியன் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. சூரியனின் நிறத்தைச் சுற்றியுள்ள வானத்திலிருந்து முற்றிலும் வேறாக்கிய மொனே, வெளிச்சத்தின் அளவை இரண்டுக்கும் ஒன்றாகவே வைத்துவிட்டார். மூளையில் நிறத்தை அறியும் பகுதி "இதோ சூரியன்" என்கிறது. பொருள் எந்த இடத்தில் நிற்கிறது என்று அறியும் பகுதிக்கு நிறம் தெரியாது. வெளிச்ச வேறுபாடு மட்டுமே தெரியும். அதனால் அது "அங்கே ஒன்றுமில்லை" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத அந்த இழுபறிதான் துடிப்பு. நம்பிக்கையும் நிச்சயமின்மையும் ஒரே புள்ளியில் நிற்பதற்கு இதைவிடத் துல்லியமான ஓவிய நுட்பம் கிடைப்பது அரிது.

இதே ஓவியம் 1878இல் ஏலத்துக்கு வந்தபோது பட்டியலில் 'சூரிய அஸ்தமனம்' என்று இருந்தது. துறைமுகத்தின் அமைப்பு, கடலின் ஏற்றவற்றம், சூரியனின் உயரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, 1872 நவம்பர் 13 காலை 7.35 மணியளவாக இருக்கலாம் என்று அமெரிக்க வானியற்பியலாளர் டொனால்ட் ஓல்சன் சொல்லும்வரை விவாதம் ஓயவில்லை. இந்தக் குழப்பம் மொனேயோடு தொடங்கியதும் இல்லை. 1787இல் அமெரிக்க அரசியலமைப்பு கையெழுத்தான மண்டபத்தில் தலைவரின் நாற்காலி முதுகில் பாதிச் சூரியன் ஒன்று இருந்தது. எழும் சூரியனையும் விழும் சூரியனையும் வேறுபடுத்தி வரைவது ஓவியர்களுக்கே கடினம் என்றார் பெஞ்சமின் பிராங்க்லின். அது எழும் சூரியன்தான் என்று அவர் முடிவுக்கு வந்தது கூட்டம் முடிந்த பிறகு.

பாதிச் சூரியனுக்குத் தனியாகப் பொருள் கிடையாது என்பது இதனால் தெளிவாகிறது. எந்தத் திசையைப் பார்த்து வரைந்தார்கள், எந்தக் கரையில் நின்று வரைந்தார்கள் என்று தெரிந்தால் மட்டுமே அது எழுகிறதா விழுகிறதா என்று சொல்ல முடியும்.

4. எழுவானும் படுவானும்

இந்த விஷயத்தில் மட்டக்களப்புக்கு உலகில் அதிகம் ஊர்களுக்கு வாய்க்காத ஒரு பேறு உண்டு. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வாவி நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடலோரப் பக்கம் எழுவான்கரை, வயல்கள் விரிந்த மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. ஊரின் நிலவியலையே பொழுதால் பெயரிட்டிருக்கிறார்கள். கொழும்பில் கடல்மேல் சூரியனை வரைந்தால் அது மாலை. கல்லடியிலோ திருக்கோவிலிலோ வரைந்தால் அது காலையாகவே இருக்க முடியும்.

ஆனால் படுவான்கரையில் நிற்பவருக்கு? அவருக்குச் சூரியன் எழுவது வாவிக்கு அப்பால், எதிர்க்கரைத் தென்னைகளுக்குப் பின்னாலிருந்து. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்காரருக்கு விடியல் என்பதே அக்கரைச் சங்கதி. ஆஸ்பத்திரி, பெரிய சந்தை, கச்சேரி என்ற மாவட்டச் செயலகம் எல்லாம் இருந்ததும் அக்கரையில். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை அங்கே போக 'பாதை'யில் ஏற வேண்டும். நீரைக் கடக்கும் அந்த மிதவைக்கு ஊர் வைத்த பெயர் பாதை. போர்க்காலத்தில் இரு கரைகளும் இரண்டு அதிகாரங்களின் கீழ் இருந்தன. துறையில் இறங்கினால் சோதனைச்சாவடி. விடியலுக்கும் தனக்கும் நடுவில் தண்ணீரும் அடையாள அட்டையும் நின்ற ஒருவர் வரையும் உதயசூரியன், எழுவான்கரைக்காரர் வரையும் உதயசூரியனாக இருக்காது. படுவான்கரைப் பிள்ளைகள் வரைந்த காலைக் காட்சி எங்கேனும் கிடைத்தால் சூரியனைப் பார்ப்பதற்கு முன் அதன் கீழே இருக்கும் நீரைப் பாருங்கள்.

5. விடிவதற்கு அஞ்சிய ஆண்டுகள்

போர் ஆண்டுகளில் இங்கே வைகறைக்கு இன்னொரு பொருளும் ஏறியது. சுற்றிவளைப்புகள் பெரும்பாலும் அந்த நேரத்தில் தொடங்கின. நாய்கள் ஒரே பக்கமாகப் பார்த்துக் குரைத்தால் வீட்டில் விளக்கை ஏற்றமாட்டார்கள். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரவுத் தொழுகையில் நின்றவர்கள் பள்ளிவாசல்களிலேயே கொல்லப்பட்டார்கள். அந்த ஊருக்கு மறுநாள் பொழுது புலர்ந்தது ஜனாஸாக்களின் நடுவே. அடுத்த மாதம் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்தோரில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. மருதத்துத் தலைவி போல இரவெல்லாம் விழித்திருந்து வாசலைப் பார்த்த பெண்கள் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊட வழியில்லை. ஊடுவதற்கு ஒருவர் வாசலுக்கு வர வேண்டும்.

பிறகு 2004 டிசம்பர் 26. மார்கழிப் பௌர்ணமி, திருவெம்பாவை நாட்கள், முதல்நாள் நத்தார். சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.58 மணிக்கு, இங்கே சூரியன் எழுந்து கால் மணி நேரத்தில். அலை வந்து சேர இன்னும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இடைவெளியில் கல்முனை, மருதமுனை, காரைதீவுக் கரைகளில் இருந்தது குறையொன்றும் தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை, 10,000க்கும் மேற்பட்டோர். கடலும் எழும் சூரியனும் இருந்தால் அது நம்பிக்கைச் சித்திரம் என்ற அட்டைப்பட இலக்கணம் இந்தக் கரையில் அன்றோடு செல்லாமல் போனது. ஆழிப்பேரலை நினைவுச் சுவர்களில் இன்றும் கதிர் விரித்த சூரியனை வழக்கத்தின் பேரில் வரைந்துவிட்டுப் போவது, அந்தக் காலையைக் கண்டவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

6. படத்தின் முன் நிற்கும்போது

விடியல் ஓவியம், புகைப்படம், மேடைக்காட்சி எதுவானாலும் கிழக்கில் இருப்பவர்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய சில அடையாளங்கள் உள்ளன.

1) சூரியன் படத்தில் தெரிகிறதா? தெரிந்தால் அது விடியல். சூரியன் இல்லாமல் அடிவானம் மட்டும் வெளுத்திருந்தால் வைகறை. நிச்சயமின்மையைச் சொல்ல விரும்பும் கலைஞர் பெரும்பாலும் சூரியனை வரையமாட்டார். கடலடியில் ஒரு வெளிறிய பட்டை போதும்.

2) நிறம். சிவப்புகள் எல்லாம் பளிச்சென்று இருந்தால் ஓவியர் நண்பகலில் உட்கார்ந்து விடியலைக் கற்பனை செய்திருக்கிறார். உண்மையான வைகறையில் சிவப்பு இருண்டுதான் இருக்கும். விடிவதற்கு முன்பே குங்குமமும் செவ்வரத்தையும் ஒளிரும் ஒரு படத்தில் நம்பிக்கை அவசரப்பட்டுவிட்டது.

3) பருவம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மட்டக்களப்பில் பல நாட்கள் சூரியன் கண்ணுக்குத் தெரியாமலே விடியும். தெளிந்த கடல்மேல் முழு வட்டம் என்பது பெரும்பாலும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட மாதங்களின் காட்சி. நவம்பர் நினைவு நிகழ்வு ஒன்றுக்கு வரைந்த படத்தில் மேகமே இல்லாவிட்டால், அது கண்டதைவிட வேண்டியதை வரைந்த படம்.

4) பிறை. கடலுக்குமேல் மெல்லிய பிறை இருந்தால் அது தேய்பிறை, நேரம் வைகறை. நோன்புக்கும் பெருநாளுக்கும் தேடும் தலைப்பிறை மேற்கே, வாவிக்கும் வயலுக்கும் மேலே, மாலையில் தெரியும். இரண்டையும் மாற்றிப் போட்ட வாழ்த்து அட்டைகள் ஏராளம்.

5) ஆட்கள். கரைவலை இழுப்பவர்கள் சூரியனைப் பார்த்து நிற்பதில்லை, வலையைப் பார்த்துக் குனிந்திருப்பார்கள். எல்லோரும் வரிசையாக நின்று கதிரை நோக்கிக் கைநீட்டும் படம் யாரோ ஒருவரின் அறிவித்தல். வேலையில் இருப்பவரின் முதுகில் வெளிச்சம் விழும் படத்தில் நம்பிக்கை, கேட்காமலே வந்து சேர்கிறது.

7. களரியில் விடிந்தபோது

ஓவியத்தைவிட விடியலை முழுமையாகக் கையாண்ட கலை ஒன்று இந்த மண்ணிலேயே இருக்கிறது. வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்துகள் இரவு தொடங்கி விடியும்வரை ஆடப்பட்டவை. வட்டமாக மண் உயர்த்திய களரி, சுற்றிலும் சனம், நடுவில் கூத்தைப் பழக்கிய ஆசிரியரான அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரி என்ற தாளமும். தீப்பந்தத்திலும் எண்ணெய் விளக்கிலும் தொடங்கி, பிறகு பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் அரசர்கள் கொலு வந்தார்கள், போருக்குப் புறப்பட்டார்கள். போர் உச்சம் ஏறுவது பின்னிரவில். அதாவது வைகறையில்.

இங்கே விடியல் உவமையாக வரவில்லை, ஒளியமைப்பாகவே வந்தது. விளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள் பெருஉருவாக நின்றவனின் முடியும் உடுப்பும் வானம் வெளுக்க வெளுக்க மெல்லச் சுருங்கும். கண்ணாடித் துண்டும் பூச்சும் பளபளப்பை இழக்கும். வியர்வையில் வழிந்த ஒப்பனைக்குக் கீழே ஊர்க்காரனின் முகம் தெரியத் தொடங்கும். அந்தக் கால் மணி நேரத்தில் அவன் அரசனா, அடுத்த வளவுக்காரனா என்று சொல்ல முடியாது. எந்த நாட்டு மேடை விளக்கும் அந்த மாற்றத்தை இவ்வளவு பொறுமையாகச் செய்துகாட்டியதில்லை.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1964இல் மேடையேறிய இராவணேசன் அந்த முயற்சியின் பெரும் பேறு. படித்தவர்கள் ஏளனமாகப் பார்த்த கலைக்கு மதிப்பும் அடுத்த தலைமுறையும் கிடைத்தது அதனால்தான். அதைக் குறைத்துச் சொல்வது நன்றி மறப்பது. ஆனால் ஓர் இரவு ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியபோது விடியல் வெளியே நின்றுவிட்டது. இன்றைய மேடைகளில் கடைசிக் காட்சிக்குச் செம்மஞ்சள் விளக்கைப் போட்டு அதை ஈடுசெய்யப் பார்க்கிறார்கள். ஒரு விசையைத் தட்டினால் வந்துவிடும் விடியலில் வைகறை இருப்பதில்லை. கிழக்கில் கூத்தை மீண்டும் விடிய விடிய ஆட முனையும் ஊர்களுக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

கூத்து அரங்கேறிய பிறகு ஆட்டக்காரர்கள் வீட்டுக்கு வீடு போய் ஆடும் வழக்கமும் இருந்தது. களரியில் இரவில் வெட்டுண்டு விழுந்த அபிமன்னன் வெயிலேறிய முற்றத்தில் சதங்கை குலுங்க வந்து நிற்பான். வீட்டுக்காரி வெற்றிலைத் தட்டோடு வாசலுக்கு வருவாள். கதவு திறந்தே இருக்கும்.